அட்டாலியில் கிடக்கும் அந்த சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

(கொங்குப் பக்கத்து மல்டிமீடியா பயிற்சி மையங்களில் ஃபிளாஷ் படித்து, இணையத்தில் படக்கதை போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கமுங்க.

உங்களில் பெரும்பாலோரின் முகம் எனக்குத் தெரியாது. கதை தெரியும். 2000-க்குப் பிந்தைய ஏழெட்டு வருடங்களில் காந்திபுரம், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என்று எந்த பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு மாடியில் மல்டிமீடியா பயிற்சி மையம் இருக்கும். ஃபோட்டோஷாப், கோரல் டிரா, படத்தை அசைய வைக்கிற ஃபிளாஷ் எல்லாம் சேர்த்து ஒரு கோர்ஸ். முடித்தவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி பிரிண்டிங் டிசைனுக்கும், மீதிப் பேர் கல்யாண ஆல்பத்துக்கும் ஃபிளெக்ஸ் போர்டுக்கும் போனீர்கள். அதற்கு நடுவில் சில பேர் மட்டும், யாரும் கேட்காமலே, சொந்தமாக ஒரு படக்கதை வரைந்து ஃபிளாஷில் அசைய வைத்து, ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி வைத்தீர்கள். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து, 'லோடிங்' பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்து, அந்தக் கதைகளைப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதைகளின் மூல ஃபைல்கள் உங்களிடம் இருந்தால் எங்களுக்கு ஒரு காப்பி கொடுங்கள். வீடியோவாக மாற்றித் தர வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். எஸ்டபிள்யூஎஃப் (ஓடுகிற ஃபைல்), எஃப்எல்ஏ (வரைந்து திருத்திய மூல ஃபைல்) என்று எது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வேண்டும். கொஞ்சம் சீக்கிரமாகவும் வேண்டும்.

'எங்களுக்கு' என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஈரோடு, பவானி, கோவைப் பக்கம் காமிக்ஸ் பைத்தியம் பிடித்த சில பேர். 1972-இல் ஆரம்பித்த முத்து காமிக்ஸையும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸையும் பழைய பேப்பர் கடையில் தேடித் தேடிச் சேர்த்த கூட்டத்தின் மிச்சம். அந்தத் தேடலில் ஒரு சௌகரியம் இருந்தது. புத்தகத்தை எடைக்குப் போட்டாலும் கடைக்காரர் கண்ணில் அட்டைப்படம் படும். 'இது ஏதோ காமிக்ஸ், கேட்டு வருவார்கள்' என்று தனியே எடுத்து வைப்பார். இன்றைக்குச் சில பழைய இதழ்களுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் எடைக்குப் போன சி.பி.யு.வைத் திறந்து உள்ளே என்ன கதை இருக்கிறது என்று எந்த இரும்புக் கடைக்காரரும் பார்க்கப்போவதில்லை. ஹார்டு டிஸ்கைச் சுத்தியலால் உடைத்து அலுமினியத்தைத் தனியாக, காந்தத்தைத் தனியாகப் பிரித்துவிடுவார். அத்தோடு போயிற்று.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் தேதியோடு ஒரு முறை. நீங்கள் கதை ஏற்றிய இலவசத் தளங்களில் பெரியது ஜியோசிட்டீஸ். யாஹூ அதை 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் மூடுவதற்குள் அள்ள முடிந்ததை அள்ளியது. அள்ள முடியாதது போனது போனதுதான். ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அதன் சொந்தக்கார நிறுவனமான அடோபி 2017 ஜூலையில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல், அந்த ஃபைல்களை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயரே தன்னுள் எதையும் ஓட விடாமல் தடுத்துக்கொண்டது. ஸ்மாக்ஜீவ்ஸ் என்று ஒரு தளம் இருந்தது, சொந்தமாகக் காமிக்ஸ் போடுகிறவர்களுக்கு. அதுவும் அதே டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. ஒரே ராத்திரியில் இரண்டு சாவு.

'எல்லாம் வேபேக் மெஷினில் இருக்குமே' என்று, பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் தளத்தைச் சிலர் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தோம். முகப்புப் பக்கம் இருக்கும், ஃபைல் இருக்காது. காரணம் உங்கள் சாமர்த்தியமேதான். டயல்-அப் காலத்தில் ஒரே ஃபைலாக வைத்தால் லோடு ஆகாது என்று அத்தியாயம் அத்தியாயமாக வெட்டி, முதல் ஃபைலுக்குள்ளிருந்து 'லோட்மூவி' போட்டு அடுத்ததைக் கூப்பிட்டீர்கள். பக்கங்களைச் சேகரிக்க வந்த நிரலுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த இணைப்புதான் தெரிந்தது. ஃபிளாஷுக்குள் இருந்த இணைப்பு பெரும்பாலும் தெரியவில்லை. அதனால் முதல் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அதைத் திறந்தால் தலைப்பு வருகிறது, 'தொடங்கு' பட்டன் வருகிறது, அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை.

வீடியோ ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு கதையை உதாரணமாகச் சொல்கிறேன். குமாரபாளையம் பள்ளிபாளையம் பக்கத்து ஆள் யாரோ செய்தது என்று பேச்சை வைத்து நினைக்கிறோம். பெயர் போடவில்லை. தறிக் குடோன், ராத்திரி ஷிப்ட். நாடா போய் வருகிற 'டடக் டடக்' சத்தம் கதை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று கரண்ட் போய்விடும். சத்தம் நிற்கும், திரை முழுக்கக் கறுப்பு. நாம் மவுஸை நகர்த்தினால் அது டார்ச் லைட் ஆகிவிடும். வெளிச்ச வட்டம் போகிற இடத்தில் மட்டும் படம் தெரியும். (மாஸ்க் லேயர் போட்டு இந்த வித்தையைச் செய்வது அப்போது எல்லாப் பயிற்சி மையத்திலும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லோரும் அதைக் கல்யாண அழைப்பிதழில்தான் போட்டார்கள்!) முகங்கள் மேல் காட்டினால் ஒவ்வொருவரும் ஒரு பேச்சு பேசுவார்கள், மின்வாரியத்தைத் திட்டுவார்கள், ஜோக் அடிப்பார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி 'டடக் டடக்', 'தொடரும்'.

இதை ஒரு புண்ணியவான் ஃபிளாஷ் நிற்பதற்கு முன்னால் திரையைப் பதிவு செய்து வீடியோவாகப் போட்டிருந்தார். நல்ல மனசு, குறை சொல்லவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தால் இது கரண்ட் கட் பற்றிய ஒரு நகைச்சுவைத் துணுக்கு. பிறகு எங்களில் ஒருவருடைய பழைய பென்டிரைவில் இரண்டாம் அத்தியாயத்தின் எஸ்டபிள்யூஎஃப் கிடைத்தது. ஓட விட்டு, டார்ச்சை முகங்களை விட்டு இறக்கி இடது பக்கம் கீழே, சுவரோரம் கொண்டு போனோம். அங்கே சாக்பீஸில் ஒரு கணக்கு எழுதியிருந்தது. வாங்கிய அட்வான்ஸ், வாராவாரம் பிடித்தது, பாக்கி. பாக்கி குறையவே இல்லை. நடுவில் ஆஸ்பத்திரி என்று எழுதி மறுபடி ஏறியிருந்தது. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில், இருட்டில், யாருடைய ஜோக்குக்கும் சிரிக்காமல் ஒரு பொம்பளை, நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பதிவு செய்தவர் டார்ச்சை அங்கே கொண்டு போகவே இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கை போன வழி மட்டும் வீடியோவில் நின்றுவிட்டது. கதை சுவரோரம் இருந்தது.

ஒன்றாம் அத்தியாயமும் மூன்றாம் அத்தியாயமும் இன்னும் கிடைக்கவில்லை. இதைச் செய்தவர் இந்த மடலைப் படிக்க நேர்ந்தால், அண்ணாவோ அக்காவோ, தயவுசெய்து ஒரு குரல் கொடுங்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஹோம்ஸ்டக் என்று அமெரிக்காவில் ஒரு இணையப் படக்கதை. ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2009 ஏப்ரல் 13 அன்று ஆரம்பித்து 2016 ஏப்ரல் 13 அன்று முடித்தார். 8,000 பக்கத்துக்கு மேல். சாதாரணப் பக்கத்தில் ஒரு படம், கீழே எழுத்து. நடுநடுவே இசையோடு ஓடும் ஃபிளாஷ் காட்சி, வாசகரே ஆளை நடக்க வைத்துச் சுற்றிப் பார்க்கிற சின்ன விளையாட்டு. ஃபிளாஷ் நின்றபோது அதிகாரபூர்வத் தளத்தில் பல இடங்களில் யூடியூப் காணொளியை ஒட்டி வைத்தார்கள். ரசிகர்களுக்கு அது போதவில்லை. கணினியில் நிறுவிக்கொள்கிற ஒரு தொகுப்பைத் தாங்களே செய்தார்கள். பெயரிலேயே 'அதிகாரபூர்வமற்றது' என்று போட்டுக்கொண்டார்கள். அதில் அந்த ஃபிளாஷ் பக்கங்கள் ஃபிளாஷாகவே ஓடுகின்றன, கிளிக்கும் வேலை செய்கிறது. அவர்களுக்கு உலகம் முழுக்க ஆள்பலம் இருந்தது என்பது உண்மைதான். நம் கதைகளுக்கு அத்தனை வாசகர்கள் கிடையாது. ஆனால் ஃபைல் கையில் இருந்தால் ஓட வைப்பதற்கு ஆள்பலம் தேவையில்லை. அந்த வேலையை வேறு யாரோ நமக்காக ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார்கள்.

அதன் பெயர் ரஃபிள். ஃபிளாஷ் பிளேயர் செய்த வேலையைப் புதிதாக எழுதிய இலவச மென்பொருள். இன்றைய பிரவுசரில், மொபைலில் கூட ஓடும். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்கைவ் இதைத் தன் தளத்தில் சேர்த்து, பழைய ஃபிளாஷ் ஆக்கங்களை அங்கேயே ஓட வைத்தது. ஃபிளாஷ்பாயின்ட் என்ற இன்னொரு தன்னார்வத் திட்டம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அனிமேஷன்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஃபிளாஷின் நிரல் மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்ட்டில் மூன்றாம் பதிப்பு 2006-இல்தான் வந்தது. ரஃபிள் அதில்தான் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. நீங்கள் ஃபிளாஷின் பழைய வெர்ஷன்களான எம்எக்ஸிலும் எம்எக்ஸ் 2004-இலும் செய்தவை முதல் இரண்டு பதிப்பு. அவை பெரும்பாலும் பிசகாமல் ஓடுகின்றன. நம் மையங்கள் புது வெர்ஷன் வாங்காமல் பழையதையே வைத்து ஓட்டிய கஞ்சத்தனம் கடைசியில் இப்படி உதவும் என்று யார் நினைத்தது!

தமிழ் எழுத்து விஷயத்தில் இன்னொரு ஆச்சரியம். அந்தக் காலத்து இணையப் பக்கங்களைத் திறந்தால் என்ன வரும்? பாமினி, டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டியது; இன்று அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான். 2010 ஜூனில் நம்ம கோயமுத்தூரில் செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை வழக்கத்துக்கு வந்து அந்தக் குழப்பம் ஓரளவு தீர்ந்தது. அதற்கு முந்தியது எல்லாம் அனாதை. ஆனால் எஸ்டபிள்யூஎஃப் ஃபைல் அப்படி இல்லை. அசையாத எழுத்தாக நீங்கள் போட்ட வசனத்தின் வடிவக் கோடுகளை அது தன்னுள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். எழுத்துரு கணினியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலூனுக்குள் நீங்கள் தட்டிய 'என்னங்ணா' இன்றைக்கும் 'என்னங்ணா' என்றுதான் தெரிகிறது.

எஃப்எல்ஏ விஷயத்தில் மட்டும் கவனம். அதைத் திறக்கும்போது எழுத்துரு இல்லாவிட்டால் வசனம் பழையபடி குப்பையாகிவிடும். எனவே எஃப்எல்ஏ கொடுத்தால் அப்போது பயன்படுத்திய எழுத்துரு ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லையென்றால் பெயரையாவது சொல்லுங்கள். இரண்டுமே எங்களுக்கு வேண்டும். ஓடுவதற்கு எஸ்டபிள்யூஎஃப், எப்படிச் செய்தீர்கள் என்று லேயர் லேயராகப் பார்க்க எஃப்எல்ஏ.

இனி நீங்கள் சொல்லக்கூடிய சாக்குகளுக்கு வருகிறேன். சில பேரிடம் நேரில் கேட்டுப் பார்த்ததில் வந்தவைதான்.

'அதெல்லாம் சின்னப் பையனாக இருந்தபோது கிறுக்கியதுங்க.' இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

'திருட்டு சாப்ட்வேரில் செய்தது.' அண்ணா, அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் படித்தது. எதில் வரைந்தீர்கள் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை, அப்போது ஃபிளாஷை விற்ற மாக்ரோமீடியாவும் இன்றைக்கு இல்லை. அதை அடோபி 2005-இலேயே வாங்கிவிட்டது.

'பின்னணியில் சினிமாப் பாட்டு போட்டிருக்கிறேன்.' இது நியாயமான கவலை. அந்தக் கதைகளைப் பொதுவில் வைக்கும்போது பாட்டை அணைத்து வைப்போம்; முழு ஃபைல் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். எனக்கென்னவோ அந்தப் பாட்டும் கதையில் ஒரு பகுதிதான் என்று தோன்றுகிறது. ஆனால் அது நம் சொத்து இல்லை.

'அப்போது வேலை செய்த கம்பெனிக்குச் சொந்தமாக இருக்குமோ?' சம்பள வேலையின் பகுதியாகச் செய்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சட்டப்படி முதல் உரிமை முதலாளிக்குத்தான். பீஸ் கட்டிப் படித்தபோதோ, வேலை முடிந்து ராத்திரி வீட்டில் உட்கார்ந்தோ செய்தது என்றால் அது உங்களுடையது. நீங்கள் இருக்கும் காலமும், அதற்குப் பின் 60 ஆண்டும் உங்களுடையது, உங்கள் வாரிசுகளுடையது. அதனால்தான் ஃபைலோடு சேர்த்து எழுத்தில் ஒரு அனுமதியும் கேட்கிறோம். வாயால் 'எடுத்துக்கோ தம்பி' என்று சொல்வது போதாது. எழுதும்போது எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்பதைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இணையத்தில் வைக்கிற பொருளுக்கு இந்தியாவுக்குள் மட்டும் என்றால் என்ன செய்வது! உரிமை உங்களிடமே இருக்கட்டும். ஓட வைக்கவும் காப்பாற்றவும் மட்டும் அனுமதி கொடுங்கள். நாளைக்கே ஒரு பதிப்பாளர் வந்து புத்தகமாகப் போடுகிறேன் என்றால் அந்தக் காசு உங்களுக்கே.

ஃபைல் எங்கே இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று இடம். மையத்தில் கோர்ஸ் முடிந்ததும் எரித்துக் கொடுத்த சி.டி., வீட்டில் முதன்முதலில் வாங்கிய கம்ப்யூட்டர், பழைய மெயில் பெட்டி. சி.டி. அட்டாலியில் இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். நாமே எரித்த சி.டி.யில் சாயப் பூச்சில்தான் தகவல் இருக்கிறது. சூடும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. தகர ஷீட்டுக்குக் கீழே நம்மூர்ச் சித்திரை வெயில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். பளபளப்புப் பூச்சு அந்தப் பக்கம்தான், மெல்லிசான ஒரு வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. ஸ்டிக்கரோடு உரிந்து வந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றாலும் கவலை இல்லை. மதர்போர்டில் கெபாசிட்டர் உப்பிப் போய்ச் செத்திருந்தாலும் ஹார்டு டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். பட்டையான கேபிள் போட்ட ஐடிஇ டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டுகிற கன்வர்ட்டர் எங்களிடம் இருக்கிறது. போட்டதும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இருப்பதும் போய்விடும்.

காப்பி எடுக்கும்போது ஃபோல்டர் முழுதையும் எடுங்கள். 'நியூ 1', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்' என்று கிடக்கும், எனக்குத் தெரியும். பெயரை மாற்றி அழகு பார்க்க வேண்டாம். ஒரு ஃபைல் இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. பெயர் மாறினால் கதை அங்கேயே நின்றுவிடும். புது வெர்ஷனில் திறந்து சேவ் செய்யவும் வேண்டாம். இணையம் இல்லாத சொந்தக்காரர்களுக்குக் காட்ட 'ப்ரொஜெக்டர்' என்று இஎக்ஸ்இ ஃபைலாகச் செய்து கொடுத்தீர்களே, அது கிடைத்தால் பொக்கிஷம். பிளேயரும் கதையும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலானவை இன்றைய விண்டோஸிலும் அப்படியே திறக்கின்றன. உள்ளே இருக்கும் எஸ்டபிள்யூஎஃப்பைத் தனியாகப் பிரித்தெடுக்கவும் முடியும்.

பயிற்சி மையம் நடத்தியவர்களிடமும் ஒரு வார்த்தை. மாணவர்களின் புராஜெக்ட் சி.டி.க்களைப் பெட்டியில் போட்டு பீரோ மேல் வைத்திருந்தீர்கள். மையம் அழகு நிலையமாகவோ கோச்சிங் சென்டராகவோ மாறியிருக்கலாம், பெட்டி இன்னும் இருக்கலாம். அதை எங்களிடம் கொடுத்துவிடச் சொல்லவில்லை. அந்தக் கதைகள் உங்களுடையவை இல்லை, மாணவர்களுடையவை. எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். மேலே எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து, தொடர்பில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அப்புறம் அவர்களும் நாங்களும் பேசிக்கொள்கிறோம்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு எப்படியும் பலர் வருவீர்கள். சனி, ஞாயிறுகளில் காமிக்ஸ் ஸ்டால் பக்கம் எங்களில் யாராவது டிரைவ் உள்ள பழைய லேப்டாப்போடு நிற்போம். அங்கேயே காப்பி எடுத்துக்கொண்டு உங்கள் டிஸ்க்கை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வர முடியாதவர்கள், இந்த மடலை உங்களுக்கு அனுப்பியவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுங்கள். கோபி, சத்தி, தாராபுரம், ராசிபுரம், பொள்ளாச்சி எங்கே என்றாலும் வீட்டுக்கே வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குச் சௌகரியம்.

அன்புடன்,
பவானியிலிருந்து ஒரு வாசகன்